இழையின் சூட்டை அளந்த தமிழர் – சர் கே. எஸ். கிருஷ்ணன்



இந்த மலர் உங்கள் கைக்கு வரும் வேளையில் பரிசளிப்பு விழா முடிந்திருக்கும். மேடையில் யார் பெயரைக் கூப்பிட்டார்கள், யார் பெயர் விட்டுப்போயிற்று என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓய்ந்திருக்காது. கோப்பையோடு வீட்டுக்குப் போன பிள்ளைகள் சிலர். வெறுங்கையோடு பேருந்து ஏறிய பிள்ளைகள் பலர். இரு சாராருக்கும் பொதுவாக ஒரு பெரியவரின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். உலகமே கைதட்டிய ஒரு பரிசளிப்பில் அவர் பெயரும் வந்திருக்கலாம். வரவில்லை. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

அவர் பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். சர் கே. எஸ். கிருஷ்ணன் என்றால் அறிவியல் உலகம் அறியும். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்த அதே தமிழ்நாட்டு மண்ணில், ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவர் கதைக்குள் போவதற்கு முன்னால், நம் வீட்டுக் கூரையில் தொங்கிய ஒரு பொருளைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள்.

குண்டு பல்பும் நம் வட்டாரமும்

உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு போய், முதன்முதலாக மின்சாரம் வந்த நாளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூரையிலிருந்து ஒரு வயர் தொங்கும். அதன் நுனியில் ஒரு குண்டு பல்பு. சுவிட்சைத் தட்டினால் பட்டென்று மஞ்சள் வெளிச்சம் வீடெல்லாம் பரவும். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வடையும் கறிபாப்பும் விற்பவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே அந்தப் பல்பைத்தான் எரியவிடுவார்கள். வெளிச்சத்துக்கும் ஆச்சு, வடை சூடாக இருக்கவும் ஆச்சு!

மின்சாரத்துக்கும் நம் சிலாங்கூர் மாநிலத்துக்கும் உள்ள உறவு பழையது. பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்த கா. தம்புசாமிப் பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். அவரும் செல்வந்தர் லோக் இயூவும் சேர்ந்து 1894-ஆம் ஆண்டு ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்பொறியை இயக்கினார்கள். மலாயாவின் மின்சார வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. 1927-இல் பத்து ஆராங் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் பங்சாரில் எழுந்தது. 1953-இல் கிள்ளானில் கன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் திறக்கப்பட்டது. இப்படி வந்த மின்சாரம் வீட்டுக்குள் நுழைந்து வெளிச்சமாக மாறியது எங்கே என்று கேட்டால், அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் இருந்த தலைமுடி போன்ற ஓர் இழையில்தான்.

அந்த இழை டங்ஸ்டன் என்ற உலோகத்தால் ஆனது. ஏன் டங்ஸ்டன்? இரும்பு போதாதா, செம்பு போதாதா என்று கேட்கத் தோன்றும். சூட்டின் கணக்கைப் பாருங்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கைப் பணக்கார பூமியாக்கிய வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அங்கிருந்த செங்கற்சூளைகளால் வந்தது. அப்படிப்பட்ட சூளைக்குள் சூடு ஏறத்தாழ 1000 டிகிரி இருக்கும். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். இரும்புக்கு 1538. டங்ஸ்டன் உருகுவது 3422 டிகிரியில்! உலோகங்கள் எல்லாவற்றிலும் மிக உயர்ந்த உருகுநிலை அதற்குத்தான்.

குண்டு பல்பில் இழையின் சூடு ஏறத்தாழ 2500 டிகிரி. அந்தச் சூட்டில் இரும்பு தண்ணீராக ஓடிவிடும். டங்ஸ்டன் இழையோ வெள்ளை ஒளியோடு கட்டியாக நின்றுகொண்டிருக்கும். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. சூடான டங்ஸ்டன்மேல் காற்றுப் பட்டால் உடனே எரிந்து பொடியாகிவிடும். அதனால்தான் கண்ணாடிக் குமிழ். அதற்குள் வெற்றிடம் இருக்கும், அல்லது ஆர்கன் போன்ற, எதனோடும் சேராத வாயு இருக்கும்.

இந்த உலோகம் நமக்கு ரொம்ப அந்நியமானதும் இல்லை. பேராக்கில் ஈப்போவுக்கு அருகே கிராமாட் பூலாய் என்ற இடத்தில் 1930-களில் டங்ஸ்டன் தாதுவைப் பெருமளவில் வெட்டி எடுத்தார்கள். ஈயம் தேடிப் போன மண்ணிலேயே அதுவும் கிடைத்தது.

தாது கிடைத்தாலும் அதை இழையாக்குவது லேசுப்பட்ட காரியமாக இல்லை. டங்ஸ்டன் தட்டினால் நொறுங்கும். 1904-இல் ஹங்கேரியில் யுஸ்ட், ஹனமான் என்ற இருவர் டங்ஸ்டன் இழை விளக்குக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் அந்த இழை தொட்டால் ஒடிந்துவிடும். பொடியைச் சூட்டோடு அடித்து அடித்து, கம்பியாக இழுக்கும் வித்தையைக் கண்டவர் அமெரிக்காவின் வில்லியம் கூலிட்ஜ். ஆண்டு 1910 வாக்கில். பிறகு 1913-இல் லாங்மியூர் என்ற அறிஞர் இழையைச் சுருளாகச் சுற்றி, குமிழுக்குள் வாயுவை அடைத்து, இன்னும் பிரகாசமாக எரிய வைத்தார். ஒரு சாதாரண 60 வாட் பல்புக்குள் இருக்கும் சுருளை நீட்டிப் பார்த்தால் ஒரு முழத்துக்கும் மேலே வரும்!

சரி, இழை எரிகிறது. ஆனால் அதன் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சூடு எப்படிப் பரவியிருக்கிறது? நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு? தொட்டுப் பார்க்க முடியாத அந்தச் சூட்டைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுள் ஒருவர்தான் நம் கிருஷ்ணன். இனி அவர் கதை.

வத்திராயிருப்புப் பையன்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஸ்ரீவில்லிப்புத்தூருக்குப் பக்கத்தில் வத்திராயிருப்பு என்று ஓர் ஊர் உண்டு. இன்றைய விருதுநகர் மாவட்டம். அங்கே 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் நிலபுலம் பார்த்துக்கொண்டவர். தமிழிலும் வடமொழியிலும் நல்ல தேர்ச்சி உள்ளவர். அந்த ருசி மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் எவ்வளவு பெரிய விஞ்ஞானியான பிறகும் இலக்கியத்தை அவர் விட்டுவிடவில்லை.

உள்ளூரில் பள்ளிப் படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி. அதற்கும் பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரி. படிப்பு முடிந்ததும் அதே கல்லூரியில் வேதியியல் பிரிவில் செய்முறை விளக்குநராக வேலை கிடைத்தது. சின்ன உத்தியோகம்தான். ஆனால் அவர் அங்கே என்ன செய்தார் தெரியுமா? பகல் சாப்பாட்டு வேளையில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவார். இயற்பியல், வேதியியல், கணிதம் எதில் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கலாம். விஷயம் பரவி, மற்ற கல்லூரி மாணவர்களும் அங்கே வர ஆரம்பித்துவிட்டார்கள். சம்பளத்துக்கு உட்பட்ட வேலை அது அல்ல. சொல்லிக்கொடுப்பதில் அவருக்கு அத்தனை ஆசை.

1920-இல் அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். காரணம், அங்கே சர் சி. வி. ராமன் இருந்தார். பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் படித்துவிட்டு, 1923-இல் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனிடம் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார்.

1928

திரவத்துக்குள் ஒளியைச் செலுத்தினால் அது எப்படிச் சிதறுகிறது என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. பெரிய கருவி ஏதும் கிடையாது. சூரிய வெளிச்சம், அதைக் குவிக்க ஒரு கண்ணாடி வில்லை, நிறம் பிரிக்கும் வடிகட்டிகள், கவனமுள்ள கண்கள். இவ்வளவுதான். திரவத்தில் சிதறிய ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது என்பதை 1928 பிப்ரவரியில் கண்டார்கள். அந்த நாட்களில் ராமனோடு இருட்டறையில் நின்று, திரவம் திரவமாக மாற்றி மாற்றிப் பார்த்தவர் கிருஷ்ணன். என்ன பார்த்தோம் என்பதை நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார். 1928 மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழில் அந்தச் செய்தி வெளிவந்தபோது, ராமன், கிருஷ்ணன் என்று இருவர் பெயரும் இருந்தன.

அந்த நிகழ்வுக்கு உலகம் ராமன் விளைவு என்று பெயரிட்டது. 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. ஆசியாவிலேயே அறிவியலுக்காக நோபல் பெற்ற முதல் மனிதர் ராமன். அவருடைய பெருமையில் நமக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஆராய்ச்சியின் பாதையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வகுத்தவர் அவரே. ஆனாலும் மாணவர்களே, அந்தச் சமயத்தில் கிருஷ்ணன் மனநிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். பக்கத்தில் நின்று வேலை செய்த கை உங்களுடையது. மேடையில் கூப்பிட்ட பெயர் இன்னொருவருடையது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போயிருப்போம். இல்லாவிட்டால், எதுக்கு இந்த ஆராய்ச்சி என்று தூக்கிப் போட்டிருப்போம்.

கிருஷ்ணன் இரண்டையும் செய்யவில்லை. பரிசு அறிவிக்கப்பட்ட நேரத்தில் அவர் கல்கத்தாவிலேயே இல்லை. 1928-ஆம் ஆண்டின் இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்து, புதிதாக வேறொரு கேள்வியைக் கையில் எடுத்துவிட்டார்.

குவார்ட்ஸ் இழையில் தொங்கிய படிகம்

டாக்காவில் அப்போது சத்தியேந்திரநாத் போஸ் இருந்தார். அங்கே கிருஷ்ணன் எடுத்துக்கொண்டது படிகங்களின் காந்தத் தன்மை. ஒரு படிகத்தைக் காந்தத்தின் அருகே கொண்டுபோனால், அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஒரு திசையில் கூடுதலாகவும் ஒரு திசையில் குறைவாகவும் காந்தம் ஏறும். அந்த வித்தியாசம் மிக நுட்பமானது. அதை எப்படி அளப்பது?

அவர் கண்ட வழி மிக எளிமையானது. குவார்ட்ஸைச் சிலந்தி நூல் போல மெல்லிய இழையாக இழுத்து, அதன் நுனியில் சின்னஞ்சிறு படிகத்தைத் தொங்கவிட்டார். காந்தத்துக்கு நடுவே அது மெள்ளத் திரும்பும். இழையை எவ்வளவு முறுக்கினால் படிகம் எப்படித் திரும்புகிறது என்று பார்த்தே காந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டார். சாந்திலால் பானர்ஜி போன்றவர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். ஒரு மெல்லிய இழையை வைத்துக்கொண்டு பெரிய உண்மையைப் பிடிக்கலாம் என்பதை அவர் அன்றைக்கே கற்றுக்கொண்டார் என்று சொல்லலாம்.

1933-இல் மறுபடியும் கல்கத்தாவுக்கு வந்து, தாம் ஆராய்ச்சி பயின்ற அதே கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் ஆனார். 1937-இல் ஐரோப்பா சென்று, கேம்பிரிட்ஜில் ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் உரையாற்றினார். 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. எஃப்.ஆர்.எஸ். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் அந்தத் தகுதி லேசில் கிடைப்பதல்ல. 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். உலோகத்துக்குள் மின்சாரம் போகும்போது அதற்கு ஏற்படும் தடை எப்படிப்பட்டது என்ற கேள்வி அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது. உலோகம் உருகித் திரவமான பிறகு அந்தத் தடை என்னவாகிறது என்பதையும் ஆராய்ந்தார். 1946-இல் சர் பட்டம் கிடைத்தது.

தில்லியில் ஒரு சூடான கம்பி

இந்தியா விடுதலை பெற்ற காலம். நாட்டுக்கென்று ஓர் அளவீட்டு நிலையம் வேண்டும் என்று முடிவானது. ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு, ஒரு கிலோகிராம் என்றால் எவ்வளவு, ஒரு டிகிரி என்றால் எவ்வளவு என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய இடம் அது. தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் என்று பெயர். புதுதில்லியில் 1947 ஜனவரி 4-ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரி 21-ஆம் நாள் வல்லபாய் பட்டேல் திறந்து வைத்தார். அதன் முதல் இயக்குநர் நம் கிருஷ்ணன்.

இயக்குநர் என்றால் கோப்பு, கூட்டம், கையெழுத்து என்று நாள் முழுக்கப் போய்விடும். இந்திய அணுசக்தி ஆணையத்திலும் அவர் உறுப்பினர். ஐம்பது வயதைத் தாண்டியவர். இனி ஆராய்ச்சி எதற்கு என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ ஜெயின் என்ற இளம் ஆராய்ச்சியாளரைச் சேர்த்துக்கொண்டு, வெற்றிடத்தில் சூடேறும் ஒரு மெல்லிய கம்பியை ஆராயத் தொடங்கினார்.

அந்தக் கணக்கை உங்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். தோசைக்கல்லின் நடுப்பகுதி நெருப்பாகக் கொதிக்கும்போதும், நீண்ட கைப்பிடியின் நுனி அவ்வளவு சுடுவதில்லை, இல்லையா? சூடு ஓரமாகப் போகப் போகக் குறைகிறது. இழையும் அப்படித்தான். இரண்டு முனையிலும் தடித்த கம்பிகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவை குளிர்ச்சியானவை. ஆகவே முனைகளின் வழியாகச் சூடு கசிந்துகொண்டே இருக்கும். நடுப்பகுதிக்கு அந்தக் கசிவு எட்டாது. அங்கே மின்சாரம் கொடுக்கும் சூடு முழுவதும் ஒளியாகவும் வெப்பக் கதிராகவும் வெளியே போகும். அதனால் நடுவே வெள்ளையாகவும், முனைக்கு வர வரச் செம்மையாகவும் இழை தெரியும்.

இந்தச் சூடு முனையிலிருந்து நடுவரை எந்த விதத்தில் ஏறுகிறது என்பதைக் கிருஷ்ணனும் ஜெயினும் 1950-களில் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதில் ஒரு பெரிய லாபம் உண்டு. சாதாரணச் சூட்டில் ஓர் உலோகம் வெப்பத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்று அளப்பது எளிது. ஆயிரம், இரண்டாயிரம் டிகிரியில் அளப்பது எப்படி? எந்தக் கருவியைக் கொண்டுபோய் அங்கே வைப்பது? அவர்கள் வழியில் தனிக் கருவி வேண்டியதில்லை. இழையில் சூடு பரவியிருக்கும் விதத்தைப் பார்த்தே அது வெப்பத்தைக் கடத்தும் திறனைக் கண்டுபிடித்துவிடலாம். இழையே கேள்வி, இழையே கருவி!

பிறகு ஆர். சுந்தரம் என்பவரோடு சேர்ந்து, சூடேறும் குழாய்க்கும் சுருளுக்கும் அதே கணக்கைப் போட்டார். அது வெளிவந்தது 1960-இல். பல்பு இழை சுருள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். சுருளின் உட்பக்கம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதால் அங்கே ஒளி கூடுதலாகத் தெரியும்.

இட்லிப் பானை ரகசியம்

அவர் செய்த இன்னொரு வேலை இதைவிடச் சுவையானது. உலோகத்தை நன்றாகச் சூடேற்றினால், தண்ணீரிலிருந்து ஆவி கிளம்புவது மாதிரி அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். எலெக்ட்ரான் என்பது மின்சாரத்தின் மிகச் சிறிய துகள். எந்த உலோகத்திலிருந்து எத்தனை கிளம்பும் என்பதை அளப்பது அந்தக் காலத்தில் பெரிய தலைவலி. உலோகத்தின் மேற்பரப்பில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

கிருஷ்ணன் என்ன செய்தார்? அம்மா இட்லிப் பானையை மூடி வைத்திருக்கும்போது மூடியில் உள்ள சின்னத் துவாரத்தின் வழியாக ஆவி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துவாரத்திலிருந்து வருவதை அளந்தாலே உள்ளே எவ்வளவு ஆவி நெருங்கி நிற்கிறது என்று சொல்லிவிடலாம். அதே மாதிரி, உள்ளே வெற்றிடமான ஒரு கூட்டைச் சூடேற்றி, அதற்குள் எலெக்ட்ரான் ஆவி நிரம்பவிட்டு, ஒரு சிறு துவாரத்தின் வழியாக வெளியே வரும் எலெக்ட்ரான்களை அளந்தார். கூட்டுக்குள் எல்லாம் ஒரே சமநிலையில் இருப்பதால் மேற்பரப்பின் கோளாறு கணக்கைக் கெடுக்காது. பல உலோகங்களுக்கும் காரீயக்கரி எனும் கிராஃபைட்டுக்கும் இப்படி அளந்து 1952, 1953 ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். அந்தக் கால வால்வு ரேடியோவைத் திருகினால் உடனே பேசாது. உள்ளே செந்நிறமாகச் சூடேறிய பிறகுதான் பாட்டு வரும். அந்தச் சூடு எலெக்ட்ரான்களைக் கிளப்பத்தான். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் குழாய்க்குள் இன்றும் ஒரு டங்ஸ்டன் இழை சூடாகி எலெக்ட்ரான்களை வீசுகிறது. அவை போய் மோதும் இலக்கும் பெரும்பாலும் டங்ஸ்டனே. அந்த மோதலில் ஏறும் சூட்டை வேறு உலோகம் தாங்குவது கடினம். உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே இருக்கும் மேக்னட்ரானிலும் அப்படி ஓர் இழை உண்டு.

சூட்டை அளக்கும் வேலைக்கும் அந்த இழை உதவியது. கொதிக்கும் உலைக்குள் வெப்பமானியை வைத்தால் அதுவே உருகிவிடும். ஆகவே ஒரு குழல் போன்ற கருவியின் வழியே உலையைப் பார்ப்பார்கள். குழலுக்குள் ஒரு டங்ஸ்டன் இழை எரியும். உலையைவிட இழை மங்கலாக இருந்தால் கறுப்புக் கோடாகத் தெரியும். பிரகாசமாக இருந்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும். இரண்டும் ஒரே சூடாகும்போது கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும். அந்த நிலையில் இழைக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறதோ, அதைக் கொண்டு உலையின் சூட்டைச் சொல்லிவிடுவார்கள். இழையின் சூட்டைப் பற்றிய சரியான அறிவு எத்தனை இடத்துக்குப் போகிறது, பாருங்கள்!

கிள்ளானில் பட்டறை வைத்திருப்பவர்களைக் கேட்டால் இன்னொரு பயனும் சொல்வார்கள். துருப்பிடிக்காத எஃகையும் அலுமினியத்தையும் ஒட்டும் ஆர்கன் வெல்டிங்கில், தீப்பொறி கிளம்பும் முனையில் இருப்பது டங்ஸ்டன் குச்சி. சுற்றிலும் உலோகம் உருகி ஓடும்போதும் அது நிமிர்ந்து நிற்கும்.

அணைந்த பல்பு சொல்லும் பாடம்

குண்டு பல்பின் காலம் முடிந்துவிட்டது. அது வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே வெளிச்சமாகும். மீதி எல்லாம் சூடாகவே வீணாகும். அதனால் நம் மலேசியாவில் 2011 முதல் 2014 வரை படிப்படியாக அதைக் கைவிடும் திட்டம் வந்தது. இன்றைக்கு வீடுகளில் எரிவது எல்.ஈ.டி. விளக்கு, அதில் டங்ஸ்டன் இழைக்கு வேலை இல்லை.

பழைய பல்பு ஏதாவது பாட்டி வீட்டுப் பெட்டியில் கிடந்தால், உடைக்காமல் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் கறுத்திருக்கும். அது புகை அல்ல. ஆயிரம் மணி நேரம் எரிந்த இழையிலிருந்து ஆவியாகிப் போய் ஒட்டிக்கொண்ட டங்ஸ்டன். இழையில் எந்த இடம் கொஞ்சம் மெலிந்ததோ, அந்த இடம் கூடுதலாகச் சுட்டது. கூடுதலாகச் சுட்டதால் இன்னும் வேகமாக ஆவியாகி இன்னும் மெலிந்தது. ஒருநாள் சுவிட்சைப் போட்டவுடன் டப்பென்று அறுந்தது. குளிர்ந்த இழையில் தடை மிகக் குறைவு. சூடானால் அது பதினைந்து மடங்கு வரை கூடும். ஆகவே சுவிட்சைப் போட்ட அந்த முதல் கணத்தில்தான் அதிக மின்சாரம் பாய்கிறது. பல்பு ஏன் எரியும்போது போகாமல் போடும்போது போகிறது என்பதற்கு இதுதான் காரணம். நாம் தினமும் கண்ட சின்னச் சங்கதிக்குள்ளும் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

கிருஷ்ணனுக்கு 1954-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1958-இல் பட்நாகர் பரிசு ஏற்படுத்தப்பட்டபோது முதன்முதலாக அதைப் பெற்றவரும் அவரே. 1961 ஜூன் மாதம், ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தபோதே, அறுபத்திரண்டாம் வயதில் மறைந்தார். புதுதில்லியில் அந்த ஆய்வுக்கூடம் இருக்கும் சாலைக்கு இன்று டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் சாலை என்று பெயர்.

இனி உங்களிடம் ஒரு வார்த்தை. 1930-இல் அவர் வயது முப்பத்திரண்டுகூட நிறையவில்லை. அந்த மனத்தாங்கலோடு உட்கார்ந்திருந்தால், டாக்காவின் குவார்ட்ஸ் இழையும் இல்லை, தில்லியின் சூடான கம்பியும் இல்லை. ராமனுக்குப் பக்கத்தில் நின்றவர் என்ற ஒற்றை வரியோடு அவர் கதை முடிந்திருக்கும். அடுத்த கேள்வியை அவர் கையில் எடுத்தார். அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் அளந்துகொண்டே இருந்தார்.

இந்த ஆண்டு உங்கள் பெயரைக் கூப்பிட்டார்களா? மெத்த மகிழ்ச்சி, உங்கள் பக்கத்தில் நின்று உதவிய நண்பனை மறந்துவிடாதீர்கள். கூப்பிடவில்லையா? நாளைக்குக் காலையில் பசியாறிவிட்டு, பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். அறிவியல் பாடத்தில் புரியாமல் விட்ட ஒரு கேள்வி இருக்குமே, அதை ஆசிரியரிடம் கேளுங்கள். வத்திராயிருப்புப் பையன் செய்தது அதைத்தான். பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளும் கிள்ளான் பிள்ளைகளும் செய்ய முடியாததா என்ன?

வாழ்க, வளர்க!